கரும்பு வெட்டுக்கு முன்னும் பின்னும்

'ஆய்வில் நிரூபணம்' என்னும் தொடரைத் தாங்காத வார இதழ் இன்று அரிது. இன்ன நிறத்தை விரும்புகிறவருக்கு இன்ன குணம், இன்ன நேரத்தில் எழுகிறவருக்கு இன்ன வெற்றி என்று பெட்டிக்குள் அடைத்துத் தரப்படும் செய்திகள் அவை. எத்தனை பேரிடம் ஆராய்ந்தார்கள், எதனோடு எதை ஒப்பிட்டார்கள், கண்ட வேறுபாடு எவ்வளவு என்பதெல்லாம் அவற்றில் இராது. மொழிபெயர்ப்புக் கவிதை ஒன்றில் ஒரு பெயரடை பிசகிவிட்டால் மூன்று இதழ்களுக்கு விவாதிக்கிற நாம், இச்செய்திகளை மட்டும் ஒரு கேள்வியும் கேளாமல் கடந்து போகிறோம். அறிவியல் வேறு, இலக்கியம் வேறு என்ற சோம்பலான பாகுபாடு நமக்கு வசதியாக இருக்கிறது.

அந்த வசதியை நாம் விட்டுவிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் தரப்பு. மனிதன் ஏன் இப்படி நடந்துகொள்கிறான் என்று நாவல் கேட்ட கேள்வியைத்தான் உளவியலும் கேட்கிறது. நாவல் தன் விடையை ஒரு மனிதனின் வாழ்வில் தேடுகிறது. உளவியல் நூறு பேரை அளந்து, அவர்களைக் கொண்டு நூறு கோடிப் பேரைப் பற்றிப் பேசத் துணிகிறது. அந்தத் துணிவுக்கு அடிப்படையாக இருப்பது புள்ளியியலின் ஒரு சிறு கணக்கு. அந்தக் கணக்கு என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று தெரியாதவரை நாம் நல்ல வாசகர்கள் அல்லர்.

இதை வெறும் கொள்கையாகப் பேச வேண்டியதில்லை. நம் ஊர்க் கரும்பு விவசாயியைப் பற்றிய ஓர் ஆய்வே கையில் இருக்கிறது.

*

2013 ஆகஸ்டில் 'சயின்ஸ்' இதழில் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. வறுமை மனிதனின் சிந்திக்கும் திறனைத் தற்காலிகமாகக் குறைக்கிறது என்பது அதன் வாதம். அதன் ஒரு பாதி அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஒரு வணிக வளாகத்தில் நடந்தது. மறுபாதி விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடந்தது.

விருத்தாசலத்தை அடுத்த கம்மாபுரத்துக்காரர் எவருக்கும் இந்த ஆய்வின் அமைப்பை விளக்க வேண்டியிராது. கரும்புக்காரனுக்குப் பணம் ஆண்டுக்கொரு முறை வருவது. ஆலையின் அரவைத் திறனுக்கு எல்லை உண்டு. எல்லோரும் ஒரே வாரத்தில் வெட்டிக் கொண்டுபோய் நிறுத்த முடியாது. ஆகவே ஆலை கட்டிங் ஆர்டர் தருகிறது. ஒருவருக்கு முதலில், மற்றவருக்கு மூன்று நான்கு மாதம் கழித்து. ஆர்டர் வரும்வரை நகை அடகுக் கடையில் இருக்கும். கடன் வாங்காத வீடு இராது. பணம் கைக்கு வந்த பிறகு அதே வீட்டில் வேறு காற்று வீசும். ஆய்வாளர்கள் பயன்படுத்திக்கொண்டது இந்த ஏற்பாட்டைத்தான். ஒரே விவசாயியை வெட்டுக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் சந்தித்தார்கள். வெட்டுக்கு முன் 78 விழுக்காட்டினர் எதையேனும் அடகு வைத்திருந்தனர். பின்பு 4 விழுக்காட்டினர்.

இரண்டு சோதனைகள் தரப்பட்டன. ஒன்று, எழுத்தறிவு தேவையில்லாத ரேவன் வடிவப் புதிர்கள். விடுபட்ட கட்டத்துக்குப் பொருந்தும் வடிவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றொன்று, எண்களைக் கொண்டு மாற்றியமைக்கப்பட்ட ஸ்ட்ரூப் சோதனை. '5 5 5' என்று எழுதியிருந்தால் ஐந்து என்று சொல்லத் துடிக்கும் நாக்கை அடக்கி, எத்தனை எண்கள் உள்ளன என்று பார்த்து 'மூன்று' எனச் சொல்ல வேண்டும். ரேவன் புதிர்களில் வெட்டுக்கு முன் சராசரியாக 4.35 சரியான விடைகள், பின்பு 5.45. ஸ்ட்ரூப் சோதனையை முடிக்க முன்பு 146 வினாடி. பின்பு 131 வினாடி. இவ்வேறுபாடுகளுக்கு அருகில் ஒரு சிறு குறிப்பு இருக்கிறது: பி மதிப்பு 0.001க்கும் குறைவு.

செய்தித்தாள்கள் இந்தக் குறிப்பைத்தான் 'நிரூபணம்' என்று மொழிபெயர்த்தன. பணக்கவலை அறிவுத்திறனில் 13 புள்ளிகளைக் குறைக்கிறது, ஓர் இரவு முழுவதும் தூங்காததற்குச் சமம் என்ற ஒப்பீடுகள் உலகெங்கும் பரவின. நம்மூரில் அது இன்னும் சுருங்கி, ஏழைக்கு மூளை வேலை செய்யாது என்ற அளவில் வந்து நின்றது. ஆய்வாளர்கள் சொன்னதற்கு ஏறக்குறைய எதிரானது இது.

*

பி மதிப்பு என்பது என்ன? விருத்தாசலத்துப் பீங்கான் சூளையைக் கொண்டே இதைச் சொல்லிவிடலாம்.

அகல் விளக்கு செய்யும் ஒருவர் புதிய மண் கலவை ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறை சூளை வைக்கும்போதும் பாதி அகல்கள் பழைய கலவையில், பாதி புதியதில். எதில் விரிசல் குறைவு என்று எண்ணிக் குறித்துக்கொள்கிறார். பத்து முறை சூளை வைத்ததில் ஒன்பது முறை புதிய கலவை வென்றது. புதியது சிறந்தது என்று அவர் முடிவு செய்யலாமா?

புள்ளியியல் அறிந்தவர் இங்கே வேண்டுமென்றே ஓர் அவநம்பிக்கையாளரின் வேடம் பூணுகிறார். 'இரண்டு கலவைக்கும் ஒரு வேறுபாடும் இல்லை. வென்றதும் தோற்றதும் நாணயத்தைச் சுண்டிப் போட்டது போன்ற தற்செயல்' என்கிறார். இதற்கு இன்மைக் கருதுகோள் என்று பெயர். பத்து முறை நாணயம் சுண்டினால் 1024 விதமாக விழலாம். அவற்றில் ஒன்பதோ பத்தோ தலை விழுவது 11 விதங்களில் மட்டுமே. அதாவது 1.1 விழுக்காடு. வேறுபாடே இல்லை என்றிருந்தால், இப்படியொரு சாய்வு தற்செயலாகக் கிடைப்பது அரிது. ஆகவே 'தற்செயல்' என்ற விளக்கத்தைத் தள்ளிவைக்கலாம். இந்த 1.1 விழுக்காடுதான் பி மதிப்பு.

ஒன்பதுக்குப் பதில் எட்டு முறை வென்றிருந்தால்? எட்டோ அதற்கு மேலோ தலை விழும் விதங்கள் 56. அதாவது 5.5 விழுக்காடு. உளவியல் இதழ்கள் நெடுங்காலமாகப் போற்றிவந்த எல்லைக்கோடு 5 விழுக்காடு. எட்டு முறை வென்ற கலவை அக்கோட்டின் இப்பக்கம் நின்றுவிடுகிறது. ஒன்பது முறை வென்றது அப்பக்கம் போய் 'கண்டுபிடிப்பு' ஆகிவிடுகிறது. சூளைக்காரர் சிரிப்பார். ஒரு சூளையின் வித்தியாசத்தில் உண்மை பொய்யாகிவிடுமா என்று கேட்பார். அவர் கேள்வி நியாயமானது.

அந்த 5 விழுக்காட்டுக் கோட்டில் தெய்வீகம் ஏதுமில்லை. 1925இல் வெளியான தம் நூலில் ரொனால்ட் ஃபிஷர் இருபதில் ஒன்று என்பதை ஒரு வசதியான எல்லையாகக் கொண்டார், அவ்வளவே. அவருக்கு முன்பே, 1908இல், டப்ளின் நகரத்து கின்னஸ் மதுவாலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட், சிறிய மாதிரிகளை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் முடிவு சொல்லலாம் என்ற கணக்கைப் போட்டார். அதை அவர் வெளியிட்டது 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில். கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த சொ. விருத்தாசலத்தைப் புதுமைப்பித்தன் என்றே அறிந்திருக்கும் நமக்கு, புனைபெயரில் வாழும் புள்ளியியலாளர் மீது ஒரு தனிப் பிரியம் வரலாம். இத்துறை நம் நாட்டுக்கும் அந்நியமானதல்ல. 1931இல் மகலனோபிஸ் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கு வளர்ந்து, கேம்பிரிட்ஜில் ஃபிஷரிடமே முனைவர் பட்டம் பெற்ற சி. ஆர். ராவ் 2023இல் தம் நூற்றிரண்டாம் வயதில் மறைந்தார். உலகப் புள்ளியியல் பாடநூல்கள் இவர்கள் பெயரைச் சொல்லாமல் நகரமாட்டா. நம் இலக்கிய இதழ்கள்தாம் சொல்வதில்லை.

*

இனி, இந்தக் கணக்கு சொல்லாதவை.

முதலாவது, புதிய கலவை சிறந்தது என்பதற்கு 98.9 விழுக்காடு வாய்ப்பு என்று அது சொல்லவில்லை. வேறுபாடு இல்லை என்று எடுத்துக்கொண்டால் இத்தகைய முடிவு எவ்வளவு அரிது என்றுதான் சொல்கிறது. இரண்டும் ஒன்றல்ல. மழை பெய்தால் தெரு நனைந்திருக்கும். தெரு நனைந்திருந்தால் மழை பெய்தது என்று ஆகிவிடாது, தண்ணீர் லாரி கசிந்து போயிருக்கலாம்.

இரண்டாவது, வேறுபாட்டின் அளவை அது சொல்லாது. ஆயிரம் முறை சூளை வைத்தால், ஒன்றுக்கும் உதவாத மிகச் சிறு வேறுபாடுகூட இந்தச் சோதனையில் தேறிவிடும். இங்கேதான் நம் மொழிபெயர்ப்புப் பிழை வருகிறது. இச்சோதனைக்கு ஆங்கிலத்தில் அமைந்துவிட்ட பெயருக்கு அன்றாட வழக்கில் 'முக்கியமான' என்றும் பொருள் உண்டு. அகராதியைப் பார்த்துவிட்டு நம் பத்திரிகையாளர்கள் 'முக்கியமான வேறுபாடு கண்டறியப்பட்டது' என்று எழுதிவிடுகிறார்கள். சொல்லவேண்டியது 'தற்செயலில் எளிதாக அடங்காத வேறுபாடு' என்பது. அது முக்கியமானதா, அற்பமானதா என்பது தனிக் கேள்வி. நடுநாட்டுச் சொல்லகராதியைத் தொகுத்த கண்மணி குணசேகரன் இதே விருத்தாசலம் வட்டாரத்துக்காரர். வழக்குச் சொல்லொன்றின் நுட்பத்துக்காக அத்தனை உழைப்பு நடந்த மண்ணில், இந்த ஒரு சொல்லின் பொருளைக் காப்பாற்றுவது நமக்கு இயலாத காரியமா?

மூன்றாவது, எத்தனை முறை முயன்றீர்கள் என்று அது தானாகக் கேட்காது. சூளைக்காரர் இருபது நிறப் பூச்சுகளைச் சோதித்து, ஒன்று மட்டும் கோட்டைத் தாண்டியது என்று அதை மட்டும் அறிவித்தால்? எந்தப் பூச்சுக்கும் எந்தச் சிறப்பும் இல்லாதபோதும், இருபதில் ஒன்றாவது 5 விழுக்காட்டுக் கோட்டைத் தாண்டிவிட ஏறத்தாழ 64 விழுக்காடு வாய்ப்பு உண்டு. தோற்ற பத்தொன்பதையும் மறைத்துவிட்டு வென்ற ஒன்றைக் காட்டுகிறவரை ஊரில் என்னவென்று அழைப்போம் என்பது நமக்குத் தெரியும். உளவியலில் இது தெரியாமலே பழக்கமாகியிருந்தது. 2011இல் சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சோன் என்ற மூவர், நடப்பில் எல்லோரும் எடுத்துக்கொண்ட சலுகைகளையே எடுத்துக்கொண்டு, ஒரு பீட்டில்ஸ் பாடலைக் கேட்டவர்கள் ஏறக்குறைய ஒன்றரை வயது இளையவர்கள் ஆகிவிட்டார்கள் என்று வேண்டுமென்றே 'நிரூபித்து'க் காட்டினார்கள். துறை அதிர்ந்தது. 2015இல் நூறு உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்த கூட்டு முயற்சியின் முடிவு வந்தது. முதல் ஆய்வுகளில் 97 விழுக்காடு கோட்டைத் தாண்டியிருந்தன; மறுசோதனையில் தாண்டியவை 36 விழுக்காடு.

*

இந்த வெளிச்சத்தில் நம் கரும்பு ஆய்வை மீண்டும் பார்ப்போம்.

அதன் பலங்கள் உண்மையானவை. ஒப்பீடு ஏழைக்கும் பணக்காரனுக்கும் இடையே அன்று. ஒரே மனிதனின் இரண்டு பருவங்களுக்கு இடையே. இரண்டாம் முறை சோதனை எழுதுகிறவர் பழக்கத்தால் நன்றாகச் செய்திருக்கலாமே என்ற ஐயத்துக்கும் விடை வைத்திருந்தார்கள். நூறு விவசாயிகளை முதலிலேயே ஒதுக்கிவைத்து, வெட்டுக்குப் பிறகு மட்டும் முதன்முறையாகச் சோதித்தார்கள். கட்டிங் ஆர்டர் ஆளுக்கொரு மாதத்தில் வந்ததால், வேறுபாட்டுக்குக் காரணம் பருவநிலைதான் என்று எளிதில் சொல்லிவிடவும் முடியாது. பத்துப் புதிர்களில் ஒன்றுக்குமேல் கூடுதலாகச் சரி செய்வது அற்பமான அளவும் அன்று.

பலவீனங்களும் உண்டு. அதே ஆண்டு டிசம்பரில், விக்கெர்ட்ஸ், ஸ்கோல்ட்டன் என்ற இருவர் 'சயின்ஸ்' இதழிலேயே எதிர்க்குரல் எழுப்பினர். நியூஜெர்சிப் பகுதியில் மக்களை வருமானத்தின்படி மேல்பாதி, கீழ்ப்பாதி என்று இரண்டாகப் பிரித்திருந்தார்கள். அப்படிப் பிரிக்காமல் வருமானத்தை உள்ளபடியே கணக்கில் கொண்டால் அந்தச் சோதனைகளின் முடிவு தனித்தனியே கோட்டைத் தாண்டவில்லை என்றனர். சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தால் தாண்டுகிறது என்று ஆசிரியர்கள் பதில் தந்தனர். 2016இல் கார்வாலோ, மையர், வாங் ஆகியோர் குறைந்த வருமானமுள்ள அமெரிக்கர்களைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்து, சிந்தனைத் திறனில் வேறுபாடு காணவில்லை என்று எழுதினர். 2018இல் 'நேச்சர்', 'சயின்ஸ்' இதழ்களில் வந்த 21 சமூக அறிவியல் சோதனைகள் மறுபடி செய்யப்பட்டபோது 13 மட்டுமே நின்றன. விழுந்தவற்றுள் முல்லைநாதனும் ஷஃபிரும் பங்கேற்ற, பற்றாக்குறையின் உளவியல் பற்றிய 2012ஆம் ஆண்டுச் சோதனையும் ஒன்று. 2021இல் இதே பொருள் குறித்த இருபது ஆய்வுகள் ஒருசேர மறுசோதனைக்கு உள்ளானபோது, பெரும்பாலானவற்றில் விளைவு முதலில் சொல்லப்பட்ட அளவுக்கு வரவில்லை.

இவை எவையும் விழுப்புரத்து, திருவண்ணாமலைக் கரும்பு வயலில் கண்டதைப் பொய்யாக்கிவிடவில்லை. மாதச் சம்பளத்துக்கு முந்தைய இரண்டு நாள் நெருக்கடியும், ஓராண்டு காத்திருந்து அடகுச் சீட்டோடு நிற்கிற நெருக்கடியும் ஒன்றல்ல. ஆனால், 'நிரூபணம்' என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை என்பது தெளிவு. வலுவான ஒரு சான்று இருக்கிறது. அதைச் சுற்றி ஐயங்களும் இருக்கின்றன. இதற்குமேல் சொல்கிறவர் தம் ஆசையைச் சொல்கிறார்.

*

இங்கே ஒரு மறுப்பு எழும். கம்மாபுரத்துக் கரும்புக்காரர் ஒருவரிடம் இந்த ஆய்வைச் சொல்லிப் பாருங்கள். "வெட்டுக்கு முன்னாடி மண்ட ஓடாதுன்னு சொல்றதுக்கு ஒரு ஆராய்ச்சியா?" என்றுதான் கேட்பார். அனுபவத்தில் அறிந்ததற்குப் பி மதிப்பு எதற்கு? கடலூர் மாவட்டத்து வறுமையை இமையத்தின் நாவல்களில் படித்தவனுக்கு ரேவன் புதிர் எதற்கு?

இந்த மறுப்பை நாம் மதிக்கிறோம், ஆனால் ஏற்கவில்லை. அனுபவ அறிவு ஒரே குரலில் பேசுவதில்லை. 'மண்ட ஓடாது' என்று சொல்கிற அதே ஊரின் மேலத்தெருவில், 'புத்தி இருந்தா ஏன் கடனாளியா நிக்கிறான்?' என்ற குரலும் அனுபவத்தின் பெயராலேயே பேசுகிறது. முதலாவது, வறுமை தெளிவைக் கெடுக்கிறது என்கிறது. இரண்டாவது, தெளிவின்மை வறுமையைத் தருகிறது என்கிறது. இரண்டுக்கும் ஆயிரம் கதைகள் உண்டு. இரண்டும் கேட்கத் தக்கவாறே இருக்கும். கதைகளை எண்ணி இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. ஒரே மனிதனை இரண்டு பருவத்திலும் சந்தித்து, தற்செயலையும் பழக்கத்தையும் கழித்துவிட்டு, மிச்சம் ஏதேனும் உண்டா என்று பார்த்தால்தான் ஓரளவு தீரும். கரும்பு ஆய்வின் மதிப்பு இதுதான். அதே மனிதன், அதே தலை. பணம் வந்ததும் கூடுதலாக விடை சொல்கிறான் என்றால், குறை தலையில் இல்லை. இரண்டாவது குரலுக்கு எதிராக நம்மிடம் உள்ள நல்ல சான்றுகளில் ஒன்று இது. ஆகவேதான் இதை மிகையாகச் சொல்லிப் பாழாக்கிவிடக் கூடாது என்று அஞ்சுகிறோம். இன்று 'நிரூபணம்' என்று முழங்கினால், நாளை ஒரு மறுசோதனை தவறும்போது, ஏழையைப் பற்றிச் சொன்ன எல்லாமே பொய் என்று எதிர்த்தரப்பு முழங்கும். கடன் விண்ணப்பத்தின் கெடுவை, பயிர்க் காப்பீட்டுப் படிவத்தின் நீளத்தை, அவற்றை நிரப்ப வேண்டிய மாதத்தை மாற்றக் கோரும் நியாயமும் அதோடு அடிபட்டுப் போகும்.

இலக்கிய வாசகர்களுக்கு இதில் ஒரு தனி ஆபத்தும் இருப்பதாகத் தோன்றுகிறது. ஒரே ஒரு மனிதனின் கதையிலிருந்து உலகத்தைக் கண்டுகொள்வது நம் பயிற்சி. கதையில் அது நியாயம். கதை தன்னை மாதிரி என்று சொல்லிக்கொள்வதில்லை. சராசரியைக் கூறுவதாக உறுதி தருவதுமில்லை. அதே பயிற்சியோடு ஓர் ஆய்வை அணுகும்போது, ஒரு கதையை நம்புவது போல ஒற்றை ஆய்வை நம்பிவிடுகிறோம். கதை ஒன்று போதும். ஆய்வு ஒன்று போதாது. அதை வேறொருவர், வேறோர் ஊரில், மறுபடி செய்து பார்த்தாக வேண்டும்.

பத்திரிகைகளிடம் நாம் கேட்பது பெரிதல்ல. உளவியல் செய்தி எதை வெளியிட்டாலும் நான்கு விவரங்களைச் சேர்த்துத் தாருங்கள். எத்தனை பேர்? எதனோடு எது ஒப்பிடப்பட்டது? வேறுபாடு எவ்வளவு? வேறு யாரேனும் மறுபடி செய்து பார்த்தார்களா? நான்கு வரிகளுக்கு மேல் இடம் பிடிக்காது. விவரம் இல்லையென்றால் செய்தியே வேண்டாம். 'நிரூபணம்' என்ற சொல்லை வடிவகணிதத்துக்கும் நீதிமன்றத்துக்கும் விட்டுவிட்டு, 'ஓர் ஆய்வு காட்டுகிறது' என்று எழுதப் பழகினால் தமிழுக்கு இழுக்கொன்றும் வந்துவிடாது.

விழுப்புரத்திலும் திருவண்ணாமலையிலும் அந்த 464 பேரும் புதிர்த்தாளுக்கு முன்னால் அமர்ந்து தம் நேரத்தைத் தந்தார்கள். அவர்களைப் பற்றி என்ன சொல்லப்பட்டது என்பதைச் சரியாகப் படிக்கும் பொறுப்பு, எழுத்தையே வாழ்வாகக் கொண்ட நமக்கு உண்டு. மாற்றுக் கருத்துடையோர் எழுதட்டும், எண்களோடு எழுதட்டும்.